பெட்ரோல் போட்டால் ஓடும், சூடானால் நிற்கும்

அத்தான் கார் முதல் தடவை நின்றது 2025 மார்ச்சில், நாங்குநேரி டோல்கேட்டைத் தாண்டி வள்ளியூர் போகிற வழியில், மதியம் இரண்டு மணி வெயிலில். நாகர்கோவிலில் ஒரு கல்யாணம். வண்டிக்குள் அத்தான், அக்கா, பிள்ளைகள் இரண்டு பேர், பின்சீட்டில் ஆச்சி. எண்பதில் போய்க்கொண்டிருந்த வண்டி ஆக்சிலேட்டரை மிதித்தும் இழுக்கவில்லை, இரண்டு மூன்று தடவை ஜெர்க் அடித்தது, அப்புறம் மீட்டரில் உள்ள எல்லா லைட்டும் எரிந்து இன்ஜின் அணைந்துவிட்டது. பிரேக் இரண்டு மிதிக்குப் பிறகு கல்லாக இறுகிப் போச்சு. பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே ஒதுங்கிப் போனதால் தப்பித்தார்கள். தள்ளி ஓரம் கட்டி, எதிரே பனையடியில் விற்ற பதநீரை வாங்கிக் குடித்துவிட்டு அரைமணி நேரம் கழித்து சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காதது மாதிரி ஸ்டார்ட் ஆகிறது. கல்யாணத்துக்கும் போய்விட்டார்கள். அன்று ராத்திரி எனக்குப் போன். “மாப்ள, வண்டிக்கு கண்ணு பட்டிருக்கும் போல.”

என்னைப் பற்றி ஒரு வரி. திருநெல்வேலி பேட்டை ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படித்தவன், சில வருஷம் பட்டறையில் கை கறுத்து, இப்போது வண்ணார்பேட்டைப் பக்கம் சின்னதாக உதிரிபாகக் கடை. சொந்தபந்தம் யார் பழைய கார் வாங்கினாலும் பார்க்கப் போகிறவன் நான்தான். இந்தக் காரையும் நான்தான் பார்த்து ‘வாங்கலாம்’ என்று சொன்னேன், அதனால் இந்தக் கதையில் என் தப்பும் இருக்கிறது, அதையும் சேர்த்தே எழுதுகிறேன். கார் எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை, சொன்னால் பேச்சு முழுக்க அந்தக் கம்பெனி நல்லதா கெட்டதா என்று போய்விடும்.

வாங்கியது 2024 நவம்பரில். 2019இல் தயாரான பெட்ரோல் ஹேட்ச்பேக், மீட்டரில் 38,000 கிலோமீட்டர், அத்தான் மூன்றாவது ஓனர். முதல் ஓனர் சென்னைக்காரர், இரண்டாவது பாளையங்கோட்டைக்காரர். பழைய கார் விற்கிற ஒரு கன்சல்டிங்கில் நாலு லட்சத்துப் பத்தாயிரத்துக்கு முடிந்தது. 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு நம்ம பக்கம் பழைய கார் பார்க்கப் போனால் நான் முதலில் பார்ப்பது இன்ஜினை இல்லை. அந்த 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கிட்ட மழை கொட்டி, தாமிரபரணித் தண்ணீர் ஜங்ஷன், சிந்துபூந்துறை, கொக்கிரகுளம் எல்லாம் ஏறிய பிறகு எத்தனை கார் தண்ணீரில் கிடந்தது என்று நமக்குத் தெரியும். அதெல்லாம் பாலிஷ் போட்டு எங்கேயோ ஒரு செட்டில் நிற்கத்தானே செய்யும். அதனால் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தேன். சாதாரணமாகப் போடும்போது வெளியே வராத அந்தக் கடைசி ஒரு முழத்தில்தான் வண்டல் கோடு பிடித்துக் கிடக்கும், வாட்டர் வாஷ்காரன் அதுவரைக்கும் போக மாட்டான். ஸ்டெப்னி குழியில் மணல் இருக்கிறதா, சீட் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா, டேஷ்போர்டு அடியில் கனெக்டரில் பச்சை பூத்திருக்கிறதா, எல்லாம் பார்த்தேன். சுத்தம். ஆலங்குளத்திலிருந்து முக்கூடல் வரை ஓட்டியும் பார்த்தேன். ஆர்.சி.யைக் கையில் வைத்துக்கொண்டு ஓனர் பெயர், ஹைப்போதிகேஷன், இன்ஷூரன்ஸ் தேதி எல்லாம் பார்த்தவன், அதே அட்டையில் இருந்த சேசிஸ் நம்பரை ஒரு தடவை கம்பெனி வெப்சைட்டில் போட்டு, ரீகாலில், அதாவது தயாரிப்பிலேயே குறை என்று கம்பெனியே இலவசமாகச் சரி செய்து தரத் திரும்ப அழைத்த வண்டிகளில், இது வருகிறதா என்று பார்க்கவில்லை. ஒரு நிமிஷ வேலை.

இரண்டாவது தடவை கயத்தாறு பக்கம், மூன்றாவது தடவை தச்சநல்லூர் பைபாஸில். ஆலங்குளத்தில் ஒரு மெக்கானிக் பார்த்துவிட்டு, பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கிறது, எல்லாம் இந்த எத்தனால் செய்கிற வேலை என்று டேங்கை இறக்கிக் கழுவினார், 1,800 ரூபாய். கழுவின பிறகு பத்து நாள் ஓடியது. திரும்ப நின்றதும் என்னிடம் கொண்டு வந்தார்கள். நான் பெரிய அறிவாளி மாதிரி, சூடானால் நிற்கிறது என்றால் இக்னிஷன் காயில்தான் என்று முடிவு கட்டி, என் கடையிலிருந்தே காயில் செட்டும் பிளக்கும் எடுத்துக் கொடுத்தேன், 6,400. பட்டறையில் த்ராட்டில் பாடியைக் கழற்றிச் சுத்தம் செய்தார்கள், 900. அடுத்த வாரமே நின்றது. ஸ்கேனர் வைத்திருக்கிற இன்னொரு இடத்தில் எரர் கோடு எதுவும் வரவில்லை, ஆனாலும் கிராங்க் சென்சாராக இருக்கலாம் என்று மாற்றினார்கள், கூலியோடு 2,700. கூட்டினால் 11,800. கடைசியில் ஒருவர் இன்ஜினை நடத்துகிற கம்ப்யூட்டரான இ.சி.எம். போய்விட்டது, பழசு ஒன்று 28,000க்கு ஏற்பாடு செய்கிறேன் என்றபோதுதான் அத்தானுக்குக் கோபம் வந்தது. “நீங்கள்லாம் வண்டியப் பாத்து ரிப்பேர் பண்ணுதீங்களா, இல்ல என் மொகரையப் பாத்தா?” என்றார். கேட்டது நியாயம்தான்.

இத்தனை பேரும் கோட்டை விட்ட துப்பு ஒன்று ஆரம்பத்திலிருந்தே அத்தான் வாயிலேயே இருந்தது. “பெட்ரோல் போட்டா சரியாயிருது மாப்ள.” இதைக் கேட்டுத்தான் ஆலங்குளத்து மெக்கானிக் பழைய பெட்ரோல் கெட்டது, புதுப் பெட்ரோல் நல்லது என்று அர்த்தம் பண்ணிக்கொண்டார். நானும் காதில் வாங்கிக்கொண்டு விட்டுவிட்டேன். அத்தானுக்குப் பந்தல், சமையல் பாத்திரம் வாடகைக்கு விடுகிற தொழில், கையில் காசு வரும்போது ஐந்நூறு ரூபாய்க்குப் போடுவார், ரிசர்வ் லைட் எரியும், திரும்ப ஐந்நூறு. டேங்க் எப்போதும் அடியைத் தடவிக்கொண்டுதான் இருக்கும். இன்றைய பெட்ரோல் காரில் ஃப்யூவல் பம்ப் டேங்குக்குள்ளேயேதான் உட்கார்ந்திருக்கிறது, அதைக் குளிர வைப்பதே சுற்றி இருக்கிற பெட்ரோல்தான். புதிதாக நாலைந்து லிட்டர் விழுந்தால் பம்ப் குளிர்கிறது, வண்டி ஓடுகிறது, அவ்வளவுதான் விஷயம். பெட்ரோல் நல்லதா கெட்டதா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

இது எனக்கு உறைத்ததும் ஒரு நாள் மதியம் வண்டியைக் கடை வாசல் வெயிலில் நிறுத்தினேன். டேங்கில் ரிசர்வ். இன்ஜினுக்குப் பெட்ரோல் போகிற இன்ஜெக்டர் ரெயிலில் பிரஷர் கேஜ் மாட்டி, பின்சீட்டைத் தூக்கி, பம்பின் மூடி தெரிகிற மாதிரி வைத்து, ஏ.சி.யை ஃபுல்லில் போட்டு ஐடிலில் விட்டோம். கேஜ் முள் 3 பாரில் ஆடாமல் நின்றது. கடைப் பையன் பின்சீட் பக்கம் குனிந்து காதை வைத்துக்கொண்டிருந்தான், பம்ப் ‘ங்ங்ங்’ என்று ஒரே சுருதியில் பாடிக்கொண்டிருந்தது. இருபது நிமிஷம், ஒன்றுமில்லை. முப்பது நிமிஷம், ஒன்றுமில்லை, பையன் டீ குடிக்கப் போகட்டுமா என்றான். நாற்பது நிமிஷத்தை நெருங்கும்போது அந்தச் சத்தம் கீழே இறங்கியது, மாவு கெட்டியாகிப் போன கிரைண்டர் திணறுமே அந்த மாதிரி. “அண்ணாச்சி, இது அழுவுது” என்றான். முள் இரண்டரைக்கு வந்தது, இரண்டுக்கு வந்தது, நான் லேசாக ரேஸ் கொடுத்ததும் ஒன்றரைக்கு விழுந்து இன்ஜின் அணைந்தது. கேனில் வைத்திருந்த பெட்ரோலை ஊற்றினோம். இரண்டு நிமிஷம் கழித்து சாவி போட்டால் முள் திரும்ப 3இல் நிற்கிறது. ஒரு பிரஷர் கேஜ், ஒரு மணி நேரம், ஐந்து பைசா செலவில்லை. இதை முதல் நாளே செய்திருக்க வேண்டியது.

பம்ப் சூடானால் ஏன் இறுகுகிறது? பம்புக்குள் பிளாஸ்டிக்கில் வட்டமாக ஒரு இம்பெல்லர் இருக்கிறது, ஓரம் முழுக்கச் சின்னச் சின்னப் பல். அதற்கும் பம்பின் மூடிக்கும் நடுவே விடுகிற இடைவெளி மயிரிழைதான், அந்த இடைவெளி சரியாக இருந்தால்தான் பிரஷர் வரும். அமெரிக்காவில் டென்சோ என்ற உதிரிபாகக் கம்பெனி தயாரித்த பம்புகளுக்காகப் பல கம்பெனிகள் நடத்திய ரீகாலில் பதிவான காரணம் என்னவென்றால், சில இம்பெல்லர்கள் அடர்த்தி குறைவாக வார்க்கப்பட்டிருந்தன, மேற்பரப்பில் கீறல் விட்டு பெட்ரோலை உறிஞ்சி உப்பின, உப்பியது பம்ப் உடம்பில் உரசியது. புதிதில் தெரியாது. வருஷக்கணக்கில் பெட்ரோலில் ஊறி, சூடு பட்டுப் பட்டு, ஒரு நாள் உரச ஆரம்பிக்கும். குளிர்ந்தால் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், சூட்டில் பிடித்துக்கொள்ளும். நம்ம ஊர் ஏப்ரல், மே வெயிலில் தார் ரோட்டுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் தொங்குகிற டேங்க், அதற்குள் நாலு லிட்டர் பெட்ரோல். வேறென்ன வேண்டும்.

பம்ப் அசெம்பிளி சுமார் ஒன்பதாயிரம். ஆர்டர் போட மொத்தக் கடைக்குப் போன் செய்தேன். அந்தத் தம்பி பார்ட் நம்பரைக் கேட்டுவிட்டு, “அண்ணாச்சி, அந்த நம்பர் மாறி புது நம்பர் வந்துருக்கு. 2019 வண்டின்னா எதுக்கும் சேசிஸ் நம்பரை ரீகால்ல போட்டுப் பாருங்க” என்றான். எனக்கு அந்த நிமிஷம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அத்தான் ஆர்.சி.யைப் பார்த்துப் படிக்க, நான் போனில் அடித்தேன். தப்பான நம்பர் என்று வந்தது. திரும்ப அடித்தேன், அதே பதில். பார்த்தால் நடுவில் ஒரு பூஜ்யத்தை அவர் ‘ஓ’ என்று படித்திருக்கிறார். பதினேழு இலக்க சேசிஸ் நம்பரில் ஐ, ஓ, கியூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் வரவே வராது, ஒன்றோடும் பூஜ்யத்தோடும் குழம்பக் கூடாது என்பதற்காகவே விட்டுவிட்டார்கள். ஓ மாதிரி இருந்தால் அது பூஜ்யம்தான். மூன்றாவது தடவை சரியாக அடித்ததும் திரையில் ஒரே வரி: உங்கள் வாகனம் இந்த ரீகாலில் வருகிறது, அருகிலுள்ள டீலரை அணுகவும்.

அந்தக் காலத்து ஃப்யூவல் பம்ப் ரீகால்கள் ரகசியம் ஒன்றும் இல்லை, பேப்பரில் வந்தவைதான். 2020 ஜூனில் ஹோண்டா 2018இல் தயாரான 65,651 கார்களை அழைத்தது, இம்பெல்லரில் குறை இருக்கலாம், நாளடைவில் இன்ஜின் நிற்கலாம் அல்லது ஸ்டார்ட் ஆகாமல் போகலாம் என்று சொல்லியே அழைத்தது. அடுத்த மாதமே மாருதி 1,34,885 கார்கள், அதில் 56,663 ஒரு லிட்டர் வேகன்ஆர், மீதி பெட்ரோல் பலேனோ. டொயோட்டா கிளான்சாவும் அதே ஜூலையில். 2021 ஏப்ரலில் ஹோண்டா இன்னொரு 77,954. 2024 மார்ச்சில் மாருதி, 2019 ஜூலை கடைசி முதல் நவம்பர் 1 வரை தயாரான 16,041 பலேனோ, வேகன்ஆர் கார்களை ஃப்யூவல் பம்ப் மோட்டாருக்காகத் திரும்பவும் அழைத்தது. அதாவது வண்டிக்கு நாலு வயசு தாண்டிய பிறகும் ரீகால் வரலாம். நல்ல கம்பெனி, மோசமான கம்பெனி என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை. என்னைக் கேட்டால் ரீகால் விடுகிற கம்பெனி மேல்தான் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை அதிகம், தப்பை எழுதிக் கொடுக்கிறானே.

இத்தனை செய்தி வந்தும் அத்தானுக்கு எப்படித் தெரியாமல் போனது? கடிதமும் போனும் முதல் ஓனருக்குப் போயிருக்கும். அவர் சென்னையில் வண்டியை விற்றுவிட்டு வேறு வண்டி வாங்கிவிட்டார். ஆர்.டி.ஓ. ஆபீஸில் பெயர் மாற்றினால் அது அரசாங்கக் கணக்கில் மாறும், கம்பெனியின் சர்வீஸ் கணக்கில் பழைய நம்பர் அப்படியே கிடக்கும். அடுத்த ஓனர் ஷோரூம் பக்கமே போகாமல் வெளியே சர்வீஸ் செய்கிற ஆள் என்றால் (நம்ம ஊரில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான்) வண்டி கம்பெனியின் கண்ணில் திரும்பப் படுவதே இல்லை.

சர்வீஸ் சென்டரில் என்ன நடந்தது என்றால், முதல் நாள் கவுண்டரில் இருந்த பையன் பதிவான மொபைலுக்கு ஓ.டி.பி. போகும், அந்த ஓனரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றான். சென்னைக்காரரை எங்கே போய்ப் பிடிக்க? ஆர்.சி. அத்தான் பெயரில் இருக்கிறது, ரீகால் வண்டிக்குத்தான், ஆளுக்கு இல்லை என்று நான் கொஞ்சம் சத்தமாகப் பேசிய பிறகு உள்ளே இருந்து சீனியர் வந்து பத்து நிமிஷத்தில் பெயரையும் நம்பரையும் மாற்றிக் கொடுத்தார். பார்ட் வர ஒன்பது நாள். வேலை இரண்டு மணி நேரம். பைசா வாங்கவில்லை. பழைய பம்பைக் கேட்டேன், உள்ளே எப்படி இருக்கிறது என்று அறுத்துப் பார்க்கிற ஆசையில், கம்பெனிக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று தரவில்லை. 11,800 ரூபாயை யாரும் திருப்பித் தரவும் இல்லை, காயில் செட் காசில் என் லாபத்தை மட்டும் அத்தானிடம் கழித்துக் கொடுத்தேன். ஜூன், ஜூலை எல்லாம் ஓடிப் பார்த்தாச்சு, ரிசர்விலும் ஓடுகிறது. ஐந்நூறு ரூபாய்க்குப் போடுகிற பழக்கத்தை மட்டும் அவர் விடவில்லை.

சட்டம் பற்றிக் கேட்கிறவர்களுக்காக. 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தில் 110ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள், அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1இலிருந்து நடப்பில் இருக்கின்றன. ஒரே குறைக்குக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் புகார் வந்தால் அரசாங்கமே ரீகால் செய்யச் சொல்லலாம், அபராதம் 10 லட்சத்திலிருந்து ஒரு கோடி வரை. இது ஏழு வருஷத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்குத்தான். கம்பெனி தானாக அறிவிக்கிற ரீகாலுக்கு இந்த ஏழு வருஷக் கணக்கு இல்லை, பத்து வருஷம் தாண்டிய வண்டிகளையும் அழைத்திருக்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டு வண்டியில் வருகிற ‘கடகட’ சத்தத்துக்கெல்லாம் ரீகால் இருக்கிறதா என்று கிளம்பிவிடாதீர்கள். பழைய சின்னக் காரில் நான் தினம் விற்பது லோயர் ஆர்ம் புஷ், லிங்க் ராடு, ஸ்ட்ரட் மவுண்ட், இன்ஜின் மவுண்ட். ஊருக்கு ஊர் போட்டிருக்கிற வேகத்தடைகளுக்கு அதெல்லாம் தேயத்தான் செய்யும், 40,000 கிலோமீட்டரில் போனால் அது குறையில்லை, ஆயுசு. ராதாபுரம், திசையன்விளை பக்கத்து வண்டி என்றால் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். கூலண்டுக்குப் பதிலாக உப்புப் போர் தண்ணீரை ஊற்றி உள்ளே செங்கல் கரைத்த மாதிரி இருக்கும், அது இன்ஜினையே தின்றுவிடும். வயல் பக்கம் நிறுத்துகிறவர்களுக்கு எலி வயரைக் கடிப்பது தனிக் கதை. கிளட்ச் மிதிக்காமல் தானாக கியர் மாறுகிற ஏ.எம்.டி. வண்டி வாங்கினால் மேலப்பாளையம் சந்தை நெரிசலில் அரைமணி நேரம் ஓட்டிப் பாருங்கள், காலி ரோட்டில் எல்லா ஏ.எம்.டி.யும் நல்ல பிள்ளைதான். இதெல்லாம் தேய்மானம், ஓட்டுகிறவன் காசு. பிறவிக் குறைக்குத்தான் ரீகால். இரண்டையும் வெளியே இருந்து பார்த்துப் பிரிக்க முடியாது, அதனால்தான் சொல்கிறேன், ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் நம்பரை அடித்துப் பாருங்கள் என்று.

அத்தானுக்குக் கார் விற்ற கன்சல்டிங்காரரிடமும் போனேன், சண்டை போட இல்லை. அவர் செட்டில் அன்றைக்கு 23 கார் நின்றது, உட்கார்ந்து ஒவ்வொரு நம்பராக அடித்தோம். மூன்று கார் மாட்டியது. அவர் கொஞ்ச நேரம் மூன்று காரையும் பார்த்துக்கொண்டே நின்றார். “அண்ணாச்சி, இத நான் சரி பண்ணிட்டே விக்கேன், வெளிய பேர் மட்டும் வேண்டாம்.” சரி என்றேன். இரண்டு காரை அந்த வாரமே அனுப்பினார், மூன்றாவதை அதற்குள் யாரோ மதுரைக்காரர் வாங்கிப் போய்விட்டார். வாங்கினவர் நம்பரை வாங்கி நானே போன் செய்து சொன்னேன், நம்பினாரா தெரியாது.

அதற்கப்புறம் இது ஒரு பைத்தியம் மாதிரி ஆகிவிட்டது, கடைக்கு வருகிற எல்லோரிடமும் ஆர்.சி.யைக் கேட்கிறேன். அப்படித்தான் உவரி டீச்சர் கார் கிடைத்தது. ரிட்டயர்டு ஆனவர், 2011 மாடல், 29,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது, கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீட்டு ஷெட்டில் பதினாலு வருஷமாக நிற்கிறது. வைப்பர் பிளேடு வாங்க வந்தார். நம்பரைப் போட்டால் ஏர்பேக் இன்ஃப்ளேட்டர், இன்னும் மாற்றவில்லை என்று வருகிறது.

தகாட்டா என்ற ஏர்பேக் கம்பெனியின் விவகாரம் படித்தவர்களுக்கு இது எவ்வளவு மோசம் என்று தெரியும். ஏர்பேக்கை ஊத வைக்கிற டப்பாவுக்குள் அம்மோனியம் நைட்ரேட் மருந்து. சூடும் ஈரப்பதமும் வருஷக்கணக்கில் மாறி மாறிப் பட்டால் அந்த மருந்துக் கட்டி உதிர்ந்து, வெடிக்க வேண்டியதைவிட வேகமாக வெடிக்கும், இரும்பு டப்பாவே சிதறி முகத்துக்கும் கழுத்துக்கும் பாயும். உலகத்தில் 30 பேருக்கு மேல் இதில் செத்திருக்கிறார்கள், சில விபத்துகள் பம்பர் நசுங்குகிற அளவுக்குச் சின்னவை. சுமார் பத்துக் கோடி இன்ஃப்ளேட்டர்களை ரீகால் செய்ய வேண்டி வந்தது, அந்தக் கம்பெனி 2017 ஜூனில் திவாலானது. இந்தியாவில் ஹோண்டா மட்டும் 2016 ஜூலையில் 1.9 லட்சம் கார்களை இதற்காக அழைத்தது. அமெரிக்காவில் முதல் முன்னுரிமை கொடுத்தது ஃப்ளோரிடா மாதிரி வெக்கையும் கடல் ஈரமும் சேர்ந்த இடங்களுக்கு. உவரியில் மே மாதம் நின்று பார்த்தவர்களுக்கு நான் மேலே சொல்ல வேண்டியதில்லை. குறைவாக ஓடிய வண்டி, நல்ல வண்டி என்று நாம் நினைப்போம், இந்த விஷயத்தில் கிலோமீட்டருக்கு வேலையே இல்லை, வயசும் வெயிலும்தான் கணக்கு.

டீச்சரிடம் பயமுறுத்தாமல் சொல்ல முயன்றேன். “தம்பி, ஏர்பேக்கு நம்மளக் காப்பாத்தத்தான இருக்கு?” என்றார். ஆமா டீச்சர், இது மட்டும் மாற்றுகிற வரைக்கும் இல்லை என்றேன். வண்டியை அவரை ஓட்ட விடவில்லை, ஏற்றிக்கொண்டு போகும் வண்டிக்கு நானே சொல்லி அனுப்பினேன். பார்ட் வந்ததும் கூப்பிடுகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள், வாங்கின வைப்பர் பிளேடு இன்னும் என் கடையில்தான் இருக்கிறது.